வல்லக்கோட்டை வளைவில் வராத மாடு

சேரப்பணஞ்சேரி
14.6.2009

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் செல்வி எழுதுவது. இங்கு நலம். உன் நலமும் உன் பேப்பரின் நலமும் அறிய ஆவல்.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். வேலைக்குப் போனால் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஹாஸ்டலுக்கு வந்தால் ஒரே அறையில் எட்டுப் பேர். ஒருத்தி பேசினால் மற்றவர்களுக்கெல்லாம் காது நீண்டுவிடும். கடிதத்தை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தேவர்குளம் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோமே, நீ ஆசிரியர், நான் நகல் எடுக்கிறவள், அந்தக் கையும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உனக்கு மட்டும் ஒரு ரகசியம். நான் இன்டர்நெட்டில் பிளாக் எழுதுகிறேன். பெயர் ‘மஞ்சள் பஸ்’. எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்தான் அது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய் கோயில் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டிவிட்டு வருவேன். கேண்டீன் சாம்பார், நின்றே வேலை பார்ப்பதால் வீங்கும் கால், வார்டன் அம்மாவின் விசில், இதுதான் விஷயம். என் பெயர் அதில் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வாராவாரம் ‘அருமை’ என்று எழுதுகிறார். அந்த ஒரு வார்த்தைக்கே தலைகால் புரியவில்லை.

இப்போது உன்னிடம் சண்டை. போன வாரம் எங்கள் பக்கத்துக் கம்பெனியில் ஒரு பையன் மேல் ஆசிட் கொட்டிவிட்டது. உங்கள் பேப்பரில் ‘ஒரகடம் அருகே உள்ள தனியார் தொழிற்சாலை’ என்று போட்டிருந்தீர்கள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தனியார் தொழிற்சாலைதான். எது என்று யாருக்குத் தெரியும்? அதே பக்கத்தில் சங்கிலி பறித்த ஒருவனுக்கு அவன் பெயர், அப்பா பெயர், வயது, தெரு எல்லாம் வந்திருக்கிறது. அவனுக்கு மட்டும் என்ன அத்தனை மரியாதை?

ஜனவரியில் எங்கள் பேட்சுக்கு கன்ஃபர்மேஷன் வருகிறது. நிரந்தரமாகிவிட்டால் பிழைத்தேன். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தேவர்குளம் போக வேண்டும். அங்கே அத்தை மகனும் அவனுடைய ஃபைனான்ஸ் கடையும் எனக்காகக் காத்திருப்பது உனக்குத் தெரியும். எனக்காக வேண்டிக்கொள்.

அன்புடன்,
உன் செல்வி


சென்னை
22.6.2009

ஏட்டி செல்வி,

கடிதம் வந்தது. ரகசியத்தைப் படித்ததும் டெஸ்க்கிலேயே சிரித்துவிட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘மஞ்சள் பஸ்’ஸைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. இங்கே ஓடுவது பழைய எழுத்துரு. பிறகு வெளியே ஒரு சென்டரில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். நன்றாக எழுதுகிறாய். பொறாமையாகக்கூட இருந்தது.

உன் சண்டைக்குப் பதில். கம்பெனிப் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தால் நியூஸ் எடிட்டர் என்னைத்தான் கூப்பிடுவார். சங்கிலி பறித்தவன் நோட்டீஸ் அனுப்பமாட்டான். விஷயம் அவ்வளவுதான். பெருமையாகச் சொல்லவில்லை.

உங்கள் பகுதிக்கு எங்கள் நிருபர் நரசிம்மன் சார். மொபெட்டில் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று சுற்றி வந்து செய்தி சொல்வார். ஆயுத பூஜை மலருக்கு அதே தொழிற்சாலைகளில் ஏறி இறங்கி விளம்பரம் வாங்குவதும் அவர்தான். பேப்பர் அவருக்குக் கொடுக்கும் சம்பளம் பெட்ரோலுக்கே காணாது. விளம்பரக் கமிஷனில்தான் குடும்பம் ஓடுகிறது. காலையில் கேள்வி கேட்ட வாசலில் மத்தியானம் போய் விளம்பரம் கேட்க வேண்டும். அவரை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்வேன், கோபப்படாதே. நாங்கள் விசாரித்த பிறகுதான் அச்சேற்றுகிறோம். நீ எழுதுவதை யார் விசாரிக்கிறார்கள்? செய்தி திருத்தும் டெஸ்க்கில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்: ஆள் யார், எந்த ஊர் என்று இல்லாமல் ஒரு வரியும் போகக்கூடாது. உன் பிளாக்கில் ஆளும் இல்லை, ஊரும் இல்லை.

கன்ஃபர்மேஷன் நிச்சயம் வரும். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
பிரியா


சேரப்பணஞ்சேரி
20.9.2009

அன்புள்ள பிரியாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குப் போன எங்கள் பஸ் வல்லக்கோட்டை வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் புளியமரத்தில் மோதியது. நான் கடைசி சீட்டில் இருந்ததால் இடது கையில் மட்டும்தான் அடி. டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்த பூமாரி இறந்துவிட்டாள். விளாத்திகுளத்துப் பெண். என் லைனில் எனக்கு அடுத்து நிற்பவள். எனக்கு அடுத்து இப்போது யாருமில்லை.

உங்கள் பேப்பரில் மாடு குறுக்கே வந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். பிரியா, மாடு வரவில்லை. நான் பஸ்ஸில் இருந்தேன். அன்றைக்கு ஏறும்போதே டிரைவர் மாசானம் அண்ணன் சொன்னார், “ரெண்டு நாளா நாந்தான் ஓட்டுதேன் தாயி. மாத்து டிரைவரைக் காங்கல. கண்ணெல்லாம் எரியுது.” அவர் தூங்கிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் காலில் கம்பியோடு கிடக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரைத் தூங்கவிடாதவர்கள் மேல்தான்.

கையில் கட்டுப் போட்டு அனுப்பியதும் நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒற்றைக் கையால் எல்லாவற்றையும் எழுதினேன். கம்பெனிப் பெயர், பஸ் கான்ட்ராக்டர் பெயர், பூமாரி பெயர், ஊர், எல்லாம். ஆளும் ஊரும் இல்லை என்று சொன்னாயே, அது மனதில் இருந்தது.

மறுநாள் பிணவறை வாசலில் பூமாரியின் அண்ணன் கோபாலைப் பார்த்தேன். ஆறுதல் சொல்லப் போய், எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். “கம்பெனிக்காரன் போன் பண்றதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல இருந்து ஒருத்தன் உங்க எழுத்தைப் போன்லயே வாசிச்சுக் காட்டுனான். எங்க அம்மை கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தா. இப்படியா நாங்க தெரிஞ்சுக்கிடணும்?” என்றார். பிறகு அவரே, “மாடு வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துக் கேட்டானுவ. உங்களதைக் கேட்டிருந்ததால போடல” என்றார். திட்டினாரா, நன்றி சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பூமாரி பெயரைப் போடும் முன் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். அது என் தப்பு.

இன்னும் கேள். மாடு என்று சொன்னார்கள் அல்லவா, அதற்கு ஒரு மாடு வேண்டியிருக்கிறது. ஹாஸ்டல் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் முனியம்மாள் அக்காவின் மாட்டைப் பிடித்திருக்கிறார்கள். ரோட்டில் மாட்டை விட்டதாக அவர்மேல் கேஸாம். “என் மாடு வூட்டாண்ட கட்டிக்கீது. அது இன்னாத்துக்கும்மா வல்லக்கோட்ட போவுது, முருகனக் கும்பிடவா?” என்று அக்கா கேட்கிறார். அதற்கு ஏட்டு, “பேப்பர்லயே வந்துகீதேம்மா” என்றாராம்.

உங்கள் பேப்பரில் வந்துவிட்டது, பிரியா. எப்படியாவது அதைத் திருத்து.

செல்வி


சென்னை
1.10.2009

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். கை எப்படி இருக்கிறது?

நரசிம்மன் சாரிடம் பேசினேன். “இன்ஸ்பெக்டர் மாடுன்னாரு, நானும் மாடுன்னு சொன்னேன். பஸ்ஸுல நானாம்மா குந்திகினு இருந்தேன்?” என்றார். பிறகு, “அந்தக் கம்பெனி விளம்பரம் இந்த வருசம் ஃபுல் பேஜு” என்றார். குரல் நன்றாக இல்லை.

நியூஸ் எடிட்டரிடமும் போய் நின்றேன். போலீஸ் சொன்னதைத்தான் போட்டோம், போலீஸ் மாற்றிச் சொன்னால் மாற்றிப் போடுவோம் என்கிறார். பிளாக்கை ஆதாரமாக வைத்துத் திருத்தம் போட்டால் சிரிப்பார்களாம். நாங்கள் விசாரித்த பிறகுதான் அச்சேற்றுகிறோம் என்று உன்னிடம் பெருமை பேசியது நினைவுக்கு வந்து கூசியது.

ஆனால் ஒரு வழி தோன்றுகிறது. ஞாயிறு இணைப்பில் ‘இணையத் தெரு’ என்று ஒரு பகுதி, வாரம் ஒரு பிளாக்கை அறிமுகம் செய்வோம். அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். நியூஸ் எடிட்டர் அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. அதில் ‘மஞ்சள் பஸ்’ஸைப் போட்டு, நீ விபத்தைப் பற்றி எழுதியதிலிருந்து நாலு வரி எடுத்துப் போட்டால் மாடு வரவில்லை என்பது அச்சில் வந்துவிடும். ஏட்டுக்கும் பேப்பர்தானே வேண்டும்?

உன் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன். எழுது.

அன்புடன்,
பிரியா


சேரப்பணஞ்சேரி
11.10.2009

அன்புள்ள பிரியாவுக்கு,

போடு. மாடு வரவில்லை என்பது கட்டாயம் வேண்டும். கம்பெனிப் பெயரும் வர வேண்டும். என் பெயர் வேண்டாம். ஜனவரி வரை நான் யார் என்று ஒரு ஈ எறும்புக்கும் தெரியக்கூடாது. அதன்பிறகு என்னைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம்விட்டாலும் சரி.

முனியம்மாள் அக்காவிடம் பேப்பரில் வரும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இட்லிக்கு இரண்டு சட்னி கிடைக்கிறது.

அன்புடன்,
உன் செல்வி


சேரப்பணஞ்சேரி
29.11.2009

பிரியாவுக்கு,

போன ஞாயிறு வந்ததைப் பார்த்தேன். ‘தேவர்குளத்தில் பிறந்து, ஒரகடம் அருகே தனியார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணின் வலைப்பூ இது.’ அதுதான் முதல் வரி. அடுத்து சாம்பாரைப் பற்றி இரண்டு வரி. கடைசியில் விபத்து. மாடு வரவில்லை என்பதும் வந்திருக்கிறது. கம்பெனிப் பெயர் இல்லை.

செவ்வாய்க்கிழமை லைனிலிருந்து எச்.ஆருக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அப்பாவு சார் மேஜையில் உன் பத்தி கத்தரித்து ஃபைலில் வைக்கப்பட்டிருந்தது. ‘தேவர்குளம்’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு. “ஆயிரம் பொண்ணுங்கள்ல ஒரே ஒரு தேவர்குளம்தாம்மா. நேட்டிவ் பிளேஸ்னு தட்டினோம், வந்துடுச்சு” என்றார். கோபமே இல்லை. டீ கொடுத்தார்.

வருஷம் முழுக்க எழுதியதை அந்த அறையில் ஒருவரும் படித்ததில்லை, பிரியா. கம்பெனிப் பெயரோடு விபத்தை எழுதி இரண்டு மாதம் ஆகிறது, அதையும் படிக்கவில்லை. பேப்பரில் நாலு வரி வந்ததும் படித்துவிட்டார்கள்.

அவர் சொன்னது இது: “பஸ் முன்னாடி மாடு வந்ததை நானே பார்த்தேன்னு உன் பிளாக்ல எழுதிடு. பழசைத் தூக்கிடு. ஜனவரி லிஸ்ட்ல உன் பேரு இருக்கும். சின்னப் பொண்ணு, லைஃபைக் கெடுத்துக்காதே.” முடியாது என்றேன். அன்றைக்கே ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஹாஸ்டலில் மாதக் கடைசி வரை இருக்கலாமாம்.

உன் மேல் எனக்குக் கோபம். அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. பெயர் போடாதே என்றேன், நீ போடவில்லைதான். ஊர் போடாமல் உன்னால் இருக்க முடியவில்லை. தேவர்குளம் என்று அச்சில் பார்க்க உனக்கு ஆசையாக இருந்திருக்கும், எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பூமாரி பெயரைப் பொறுக்காமல் போட்டவள் நான். உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் கம்பெனியை ‘தனியார்’ என்று மூடி வைத்துவிட்டு, என் ஒருத்தியைத் திறந்து காட்டியிருக்கிறாய்.

ஏட்டு, நீ போட்டதைப் பார்த்துவிட்டு, “இது யாரோ இன்டர்நெட்டுல எழுதினது, ஆளு பேரு இல்ல” என்று சொல்லிவிட்டாராம். அக்காவின் கேஸ் அப்படியே இருக்கிறது.

இனி நான் மறைக்க ஒன்றுமில்லை. ஆசிரியருக்குக் கடிதம் என்றால் பெயர், முழு விலாசம், கையெழுத்து வேண்டும் என்று உங்கள் பேப்பரிலேயே போட்டிருக்கிறது. மூன்றையும் போட்டு இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். ஓர் எழுத்து குறையாமல் போடு. முடியாவிட்டால் போடவே போடாதே. கிழித்துவிடு.

செல்வி

இணைப்பு:

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 15ஆம் தேதி வல்லக்கோட்டை வளைவில் புளியமரத்தில் மோதிய பஸ்ஸில் கடைசி சீட்டில் நான் இருந்தேன். மாடு எதுவும் வரவில்லை. டிரைவர் இரண்டு நாளாகத் தூங்காமல் ஓட்டியதாக எங்களிடம் சொன்னார். அவரை மாற்றிவிட ஆள் அனுப்பவில்லை. இறந்துபோன பூமாரி எனக்கு அடுத்து நின்று வேலை பார்த்தவள். சேரப்பணஞ்சேரி முனியம்மாளின் மாடு அன்று எங்கள் ஹாஸ்டல் வாசலை ஒட்டிய அவர் வீட்டில் கட்டிக்கிடந்தது. பஸ் ஏறும்போது நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நான் வேலை பார்த்த கம்பெனியின் பெயரைப் பின்பக்கம் என் முழு விலாசத்தோடு எழுதியிருக்கிறேன். அதையும் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

இ. இசக்கிசெல்வி, தேவர்குளம்.


சென்னை
18.12.2009

என் செல்விக்கு,

எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய்.

ஊரைப் போட்டது நான்தான். பக்கம் முடிக்கும்போது ‘எந்த ஊர்?’ என்று கேட்டார்கள். யோசிக்கக்கூட இல்லை, கை தானாக எழுதிவிட்டது. நம் ஊர் பெயர் உங்கள் கம்பெனியில் என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் மண்டு.

இன்றைய பேப்பரைப் பார்த்திருப்பாய். உன் கடிதம் வந்துவிட்டது. பெயர், விலாசம், கையெழுத்து மூன்றும் இருக்கிறது, இதைத் தள்ளினால் அந்த விதியையே எடுத்துவிடுங்கள் என்று நியூஸ் எடிட்டரிடம் நின்றேன். இத்தனை நாளில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. படித்துப் பார்த்தார். மாடு வரவில்லை என்ற வரியைத் தொடவில்லை. கம்பெனிப் பெயரை மட்டும் அடித்துவிட்டு ‘தனியார் தொழிற்சாலை’ என்று எழுதினார். “இப்படின்னா போகும். இல்லைன்னா இல்லை” என்றார்.

கிழித்துவிடு என்று நீ எழுதியது நினைவிருந்தது. அவர் மேஜையிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. அந்த இட்லிக் கடைக்காரம்மாவை நினைத்தேன். முழுசாக இல்லாவிட்டாலும் மாடாவது போகட்டும் என்று நினைத்தேன். தப்பா, சரியா? நீயே சொல். நான் செய்ததைச் செய்ததாகத்தான் சொல்கிறேன்.

நரசிம்மன் சார் போன் செய்து, “கம்பெனில என்ன உள்ளயே உடலம்மா” என்றார். ஆனால் குரல் இந்த முறை நன்றாக இருந்தது.

சென்னைக்கு வா. என் அறையில் இடம் இருக்கிறது. என்னைத் திட்டுவதற்காவது வா.

உன்,
பிரியா


17.1.2010

பிரியாவுக்கு,

உன் கடிதம் ஹாஸ்டலுக்கு வந்து, முனியம்மாள் அக்கா கைக்குப் போய், எனக்கு வந்து சேர்ந்தது.

அக்காவை இப்போது ஸ்டேஷனில் கூப்பிடுவதில்லை. கேஸ் முடிந்ததா என்று யாரும் சொல்லவில்லை, கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். மாட்டுக்குப் பொங்கலன்று கொம்பில் நீலப் பெயின்ட் அடித்தார். கோபால் அண்ணன் உங்கள் பேப்பரை நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டில் கொடுக்க வாங்கிப் போயிருக்கிறார். நீ என் கடிதத்தைத் திரும்ப எடுத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

என் கடிதத்தை அக்கா கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ‘தனியார் தொழிற்சாலை’ என்பதற்கு மேல் யாரோ பேனாவால் கம்பெனிப் பெயரை எழுதியிருந்தார்கள். பொங்கலுக்கு அக்காவைப் பார்க்கப் போனபோது கேட்டேன். “அந்த மொபெட்டு நிருபரு இட்லி துன்ன வந்தாரு. நானே படிச்சுக் காட்டுறேன்னாரு. படிச்சுகினே இருந்தவரு பேனாவ எடுத்து எழுதிட்டாரும்மா” என்றார் அக்கா. அதைக் கேட்டுத்தான் அழுதேன். வேலை போனபோதுகூட அழவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நீ செய்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு தடவையும் என்னுடைய விஷயத்தை நீ முடிவு செய்தாய். முதல் தடவை யோசிக்காமல் செய்தாய் என்கிறாய், நம்புகிறேன். இரண்டாவது தடவை நான் எழுதிச் சொல்லியிருந்தேன், யோசித்துத்தான் செய்தாய். கம்பெனிக்காரர்களைக் கேட்காமல் அவர்கள் பெயரை உங்களால் போட முடியாது. என்னைக் கேட்காமல் எதையும் போட முடிகிறது. தோழி என்றாலும் அந்தப் பழக்கம் உன் கையிலும் வந்துவிட்டது. எனக்கு அது ஆறவில்லை. ஆறும்போது ஆறட்டும்.

தேவர்குளத்துக்கு நான் போகவில்லை. வேறோர் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கேயும் பஸ் மஞ்சள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறேன். உன்னைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது எல்லோருக்கும் பொது.

மேலே தேதி மட்டும் இருப்பதைக் கவனித்திருப்பாய். டெஸ்க்கில் முதலில் ஊரைத்தானே தேடுவீர்கள். மறந்துவிடவில்லை. தபால் முத்திரையையும் பார்க்க வேண்டாம். வெளியூர் போகிற ஒருத்தியிடம் கொடுத்து அங்கே போடச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இ. இசக்கிசெல்வி